ஜனவரி 1 அன்று உங்கள் வீடு எப்படி இருந்தது?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் டெக்சஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். 2024 ஆகஸ்டில் க்ளோசிங், அதாவது கிரயம், முடிந்து புது வீட்டுக்குக் குடிவந்தோம். மாதத் தவணை 3,900 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது, 2026 பிப்ரவரியில், மார்ட்கேஜ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இனி 5,190 டாலராம். வட்டி மாறாத லோன்தானே என்று ஃபோன் போட்டுக் கேட்டால், "ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ஏறிவிட்டது" என்கிறார்கள். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று காலின் கவுண்டி பதிவுகளில் என் கணவர் பெயரைப் போட்டுத் தேடினேன். அப்படி ஆளே இல்லை என்கிறது. என் பெயரும் இல்லை. வீடு எங்கள் பெயரில் பதிவாகவே இல்லையோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் இதே மாடல் வீடு, எங்களோடு குடிவந்தவர்கள்தான். எங்களைவிட 1,800 டாலர் குறைவாக வரி கட்டியிருக்கிறார்கள். இதற்கிடையே "உங்கள் ஹோம்ஸ்டெட்டைப் பதிவு செய்து தருகிறோம், 89 டாலர் அனுப்புங்கள்" என்று முத்திரை போட்ட கடிதம் வேறு. அனுப்பலாமா? முகவரியை இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் தேடியது பக்கத்துக் கவுண்டியில்.

ஃபிரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் கவுண்டி எல்லை, நம் ஊர் மாவட்ட எல்லை மாதிரி, அதன் நடுவே ஓடுகிறது. கிழக்குப் பக்கம் காலின் கவுண்டி, மேற்குப் பக்கம் டென்டன் கவுண்டி. உங்கள் வீடு டென்டனில் விழுகிறது. அஞ்சல் முகவரியில் கவுண்டி பெயர் வருவதில்லை என்பதால் வருடக்கணக்கில் குடியிருப்பவர்களுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் க்ளோசிங்கில் கொடுத்த பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், எந்தக் கவுண்டி என்று அதில் இருக்கும். அதோடு, பள்ளி மாவட்ட எல்லையும் ஊர் எல்லையும் ஒன்றல்ல. ஃபிரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே புராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் பள்ளி மாவட்டங்களில் சேரும் வீடுகள் உண்டு. வரியில் பெரிய பங்கு பள்ளிக்குப் போகிறது என்பதால் எந்த மாவட்டம் என்பதையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. உங்களுடையது ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம்தான்.

சரியான கவுண்டியில் தேடினாலும் நம் பெயர்கள் எளிதில் அகப்படாது. பதிவில் கடைசிப் பெயர் முதலில் வரும். நமக்கு எது கடைசிப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்தில், நம் பெயர் ஓரிடத்தில். கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்குக் கணவர் பெயர் கடைசிப் பெயராகிறது. கணவருக்கோ அவருடைய அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு குடும்பப் பெயர். செந்தில் குமார் என்று ஒட்டியும் ஒட்டாமலும் எழுதும் பெயரைக் கணினி வெவ்வேறு ஆளாகப் பார்க்கும். அதனால் பெயரை விட்டுவிடுங்கள். முகவரியால் தேடுங்கள், அதிலும் வீட்டு எண், தெருவின் பெயர் இரண்டு மட்டும் போதும். டிரைவ், லேன், கோர்ட் என்ற வாலை எழுதாதீர்கள். அவர்கள் சுருக்கி எழுதியிருப்பதும் நீங்கள் விரித்து எழுதுவதும் ஒத்துப்போகாமல் "எதுவும் இல்லை" என்று வந்துவிடும். ஒருமுறை கிடைத்ததும் ப்ராப்பர்ட்டி ஐடி என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

யாரிடம் எதைக் கேட்பது என்பதிலும் உங்களுக்குக் குழப்பம் இருக்கிறது. ஊரில் பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸில், பட்டா தாலுகா ஆபீஸில், வீட்டு வரி ரசீது நகராட்சியில் என்று மூன்று இடம் இருக்கிறதல்லவா? டெக்சஸிலும் மூன்று. பத்திரம் கவுண்டி கிளார்க்கிடம். வீட்டின் மதிப்பைப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். பணம் வசூலிப்பது டாக்ஸ் ஆபீஸ். இதில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் கவுண்டி நிர்வாகத்தின் ஒரு பிரிவு இல்லை, தனி அமைப்பு. 1979-ல் வந்த சட்டத்துக்கு முன்னால் பள்ளி ஒரு மதிப்பு, நகரம் ஒரு மதிப்பு, கவுண்டி ஒரு மதிப்பு என்று ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஒழுங்குபடுத்த வந்ததுதான் இது. டாக்ஸ் ஆபீஸ் கவுன்ட்டரில் நின்று "மதிப்பைக் குறையுங்கள்" என்று சண்டை போட்டுப் பயனில்லை, அது அவர்கள் கையில் இல்லை. அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிடம் "பணம் கட்டியாகிவிட்டதா" என்று கேட்பதும் அப்படித்தான். மாநில அரசுக்கும் இந்த வரிக்கும் வசூல் தொடர்பே கிடையாது. டெக்சஸில் மாநிலச் சொத்து வரி என்று ஒன்று இல்லை, எல்லாம் உள்ளூர்.

டென்டன் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தளத்தில் உங்கள் பதிவைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பதில்களும் அந்த ஒரே திரையில் இருக்கின்றன.

மேலே வருடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி இருக்கும். முதலில் 2024-ஐ எடுத்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பில்டரின் பெயர். நிலம் 140,000 டாலர். கட்டடம் 0. அப்புறம் 2025. உரிமையாளர் இடத்தில் நீங்கள் இருவரும். நிலம் 150,000, கட்டடம் 460,000, மொத்தம் 610,000.

2024-ல் நான்கு மாதம் நீங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கட்டடம் எப்படி 0 ஆகும்? டெக்சஸில் சொத்து வரிக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கணக்கு. ஜனவரி 1. அன்று வீடு எந்த நிலையில், யார் கையில் இருந்ததோ அதுதான் அந்த வருடம் முழுவதற்கும் பதிவு. 2024 ஜனவரி 1 அன்று அங்கே இருந்தது வெறும் மனை, பில்டர் பெயரில். ஆகஸ்டில் வீடாகி உங்கள் கைக்கு வந்தது அந்த வருட மதிப்பில் ஏறாது. கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல வருட நடுவில் கூடுதல் பில் அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. ஆக, முதல் வருடம் மனைக்கு மட்டும் வரி கட்டினீர்கள். புது வீடு வாங்கும் பலருக்கும் கிடைக்கும் சலுகை போலத் தெரிகிற பள்ளம் இது.

இப்போது தவணைக் கணக்கு. உங்கள் பகுதியில் நகரம், கவுண்டி, பள்ளி எல்லாம் சேர்ந்து 100 டாலர் மதிப்புக்கு ஏறக்குறைய 1.65 டாலர் வரி என்று வாய்க்கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 140,000-க்கு 2,310 டாலர். மார்ட்கேஜ் கம்பெனி அதையே அளவாக வைத்து மாதம் 192 டாலர் எஸ்க்ரோவில் (வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் கணக்கு) எடுத்துக்கொண்டிருந்தது. 2025-க்கு 610,000 மதிப்பில் வரி 10,065. அதை உங்களுக்காக அவர்கள் கட்டிவிட்டார்கள். கணக்கில் இருந்தது 2,310, கட்டியது 10,065. குறைவது 7,755. அதை 12 மாதமாகப் பிரித்து மாதம் 646 கேட்கிறார்கள். அது பழைய பாக்கி. இனி வரும் பில்லுக்கும் சேர்க்க வேண்டுமே, அதற்கு மாதம் 192 இருந்த இடத்தில் 838, அதாவது இன்னொரு 646. இரண்டும் சேர்ந்தால் 1,292. 3,900 எப்படி 5,190 ஆனது என்பது இவ்வளவுதான். இரண்டு மாதத் தொகையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளவும் அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது, அதனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் தொகை இதிலிருந்து கொஞ்சம் நகரலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, பாதி ஏற்றம் ஒரு வருடத்துக்கு மட்டும். பாக்கி அடைந்ததும் அந்த 646 நின்றுவிடும். கையில் பணம் இருந்தால் பாக்கியை மொத்தமாக அனுப்பிவிட்டு மாதத் தவணையை இப்போதே குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் 12 மாதம் கட்டுங்கள், அதற்கு வட்டி போடுவதில்லை. வட்டி மாறாத லோன் என்று சொன்னது பொய்யில்லை. வட்டி மாறவில்லை, கூட வந்த வரிதான் மாறியிருக்கிறது.

அந்தத் திரையில் எனக்கு உறுத்தியது வேறொரு வரி. மதிப்புகளுக்குக் கீழே விலக்குகள் என்று ஒரு வரிசை இருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளைத் திறந்தால் அங்கே ஹெச்எஸ் என்று இரண்டெழுத்து. ஹோம்ஸ்டெட் என்பதன் சுருக்கம். உங்கள் பதிவில் அந்த இடம் காலி.

பக்கத்து வீட்டுக்காரரின் 1,800 டாலர் அங்கேதான் இருக்கிறது. சொந்தமாக வாங்கி, அதிலேயே குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் 140,000 டாலர் மதிப்பைக் கழித்துவிட வேண்டும் என்பது சட்டம். 2022-ல் இது 40,000. 2023 நவம்பரில் மக்கள் வாக்களித்து 100,000 ஆக்கினார்கள். 2025 நவம்பரில் மறுபடி வாக்களித்து 140,000. அது 2025 வரிக்கே பொருந்தும். பள்ளி விகிதம் 100-க்கு சுமார் 1 டாலர் என்றால் அந்த ஒன்றிலேயே 1,400 டாலர் மிச்சம். மீதி, நகரமும் கவுண்டியும் தம் பங்குக்குத் தரும் விலக்கு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் பிடித்து எதையும் சாதிக்கவில்லை. ஒரு படிவம் கொடுத்தார். வீடு வாங்கினால் இது தானாக வந்துவிடும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். க்ளோசிங்கில் 100 கையெழுத்துப் போட்ட களைப்பில், அதில் ஒன்று இதற்கும் இருந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இருக்காது.

நல்ல செய்தி, காலம் கடந்துவிடவில்லை. வரி பாக்கியாகும் நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அந்த வருடத்துக்கான விலக்கைக் கேட்கலாம். கட்டாத 2025 வரி 2026 பிப்ரவரி 1-ல் பாக்கிக் கணக்குக்குப் போகும் என்பதால் 2028 ஜனவரி முடியும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்காக அதுவரை காத்திருக்க வேண்டாம். 50-114 என்ற எண்ணுள்ள விண்ணப்பப் படிவத்தை டென்டன் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்குக் கொடுங்கள். 2025-க்கும் 2026-க்கும் சேர்த்தே கேளுங்கள். கட்டணம் கிடையாது. குடியுரிமையோ க்ரீன் கார்டோ தேவையில்லை, ஹெச்1பி-யில் இருப்பவர்களும் வாங்கலாம். வீடு உங்களுடையதாக, நீங்கள் குடியிருக்கும் முதன்மை வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வரும் பணத்தை எஸ்க்ரோ பாக்கியில் கட்டிவிட்டு, தவணையை மறுபடி கணக்குப் போடச் சொல்லி மார்ட்கேஜ் கம்பெனிக்கு எழுதுங்கள். அவர்களாக விண்ணப்பத்தைக் கண்டுபிடித்துக் குறைக்க மாட்டார்கள். மதிப்பும் விகிதமும் இதே அளவில் இருந்தால், பாக்கி தீர்ந்த பிறகு உங்கள் தவணை 4,400 பக்கம் வந்து நிற்கும்.

2025-க்கும் கேளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அந்தப் பணம் மட்டும் காரணமில்லை. பதிவில் மூன்று மதிப்புகள் இருக்கும். சந்தை மதிப்பு, அப்ரைஸ்டு மதிப்பு, வரி விதிக்கும் மதிப்பு. உங்களுக்கு மூன்றும் 610,000 என்று இருப்பதால் ஒன்றையே மூன்று முறை அச்சடித்திருக்கிறார்கள் என்று தோன்றியிருக்கும். ஹோம்ஸ்டெட் வந்தபின் அவை பிரியத் தொடங்கும். விலக்கு கிடைத்த முதல் வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து, சந்தை மதிப்பு எவ்வளவு ஏறினாலும் அப்ரைஸ்டு மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. 2025 உங்கள் முதல் வருடமானால் அந்தக் கடிவாளம் 2026-லேயே வந்துவிடும். 2026-க்கு மட்டும் கேட்டால் 2027 வரை இல்லை. (நீச்சல் குளம், கூடுதல் அறை என்று புதிதாகக் கட்டினால் அந்தப் பகுதி இந்த வரம்புக்குள் வராது.) வரி விதிக்கும் மதிப்பு என்பது இதிலிருந்து விலக்குகளைக் கழித்தபின் மிஞ்சுவது. அது பள்ளிக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, கவுண்டிக்கு ஒன்று என்று வேறுபடும். அதனால் பதிவின் அடியில் இருக்கும் அட்டவணையை வரிவரியாகப் பார்க்க வேண்டும், மொத்தத்தை மட்டும் பார்த்தால் புரியாது.

65 வயதானவர்களுக்குக் கூடுதல் விலக்கு உண்டே, ஊரிலிருந்து வந்து தங்கும் மாமனார் மாமியார் பெயரில் வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். அவர்கள் இந்த வீட்டின் உரிமையாளர்களாகப் பத்திரத்தில் இருந்து, இதையே தங்கள் முதன்மை வீடாகக் கொண்டால்தான். ஆறு மாத விசிட்டுக்கு இல்லை.

மதிப்பே அதிகம் என்று தோன்றினால் அதற்கு வேறு வழி இருக்கிறது. ஏப்ரல் வாக்கில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வரும். அதில் "இது வரி பில் அல்ல" என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்ததும் நம் வீடுகளில் அது விளம்பரக் காகிதங்களோடு போய்விடுகிறது. போன வருடத்து நோட்டீஸ் உங்கள் வீட்டிலும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். ஆட்சேபிக்க மே 15 வரை, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை நேரம். அக்டோபரில் பில் வந்தபின் கோபப்பட்டுப் பலனில்லை. ஆட்சேபத்துக்கு இரண்டு வழிகளில் வாதிடலாம். விற்றால் இவ்வளவுக்குப் போகாது என்பது ஒன்று. இதேபோன்ற பக்கத்து வீடுகளுக்குக் குறைவாகப் போட்டுவிட்டு எனக்கு மட்டும் ஏன் அதிகம் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அக்கம்பக்கத்துப் பதிவுகளே சாட்சி. சதுர அடி, கட்டிய வருடம், கட்டடத்தின் மதிப்பு எல்லாம் யாரும் பார்க்கலாம். பார்ப்பதில் கூச்சம் வேண்டாம், அவர்களும் உங்களுடையதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஒப்பிடும்போது வரித் தொகையை ஒப்பிடாதீர்கள், சந்தை மதிப்பை ஒப்பிடுங்கள். தொகையில் விலக்கும் வரம்பும் கலந்திருக்கும்.

ஒன்றை மட்டும் அந்தப் பதிவுகளில் தேட வேண்டாம்: யார் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது. விற்பனை விலையை அரசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் டெக்சஸில் கிடையாது. உங்கள் பத்திரத்தையே எடுத்துப் பாருங்கள், "10 டாலரும் பிற தக்க பிரதிபலனும்" என்கிற மாதிரி ஒரு வாசகம் இருக்கலாம். அதைப் படித்துவிட்டு, 6 லட்சம் கொடுத்த வீட்டை 10 டாலருக்குப் பதிந்துவிட்டார்கள் என்று நள்ளிரவில் எனக்கு ஃபோன் செய்தவர் உண்டு. அது வழக்கமான வாசகம்தான். ஒருவேளை நீங்கள் வாங்கிய விலை 610,000-க்குக் குறைவு என்றால் க்ளோசிங் அறிக்கை நல்ல ஆதாரம். அதிகம் என்றால் அதைக் கொண்டுபோய் நீட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

வரிப் பதிவில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அதை உரிமைப் பத்திரமாக நினைக்கக் கூடாது. ஊரில் வீட்டு வரி ரசீதைக் காட்டி வீட்டை விற்க முடியாதல்லவா? இங்கும் உரிமைக்குக் கவுண்டி கிளார்க்கிடம் பதிவான பத்திரம்தான். அப்ரைசல் பதிவிலேயே பத்திரத்தின் தேதியும் பதிவு எண்ணும் இருக்கின்றன. உங்களுடையது 2024 ஆகஸ்ட் தேதியோடு பில்டரிடமிருந்து உங்கள் இருவருக்கும் என்று சரியாக இருக்கிறது. கணவர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. பத்திரத்தில் சரியாக இருந்தால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு எழுதித் திருத்திக்கொள்ளலாம். பத்திரத்திலேயே தப்பு என்றால் க்ளோசிங் செய்த டைட்டில் கம்பெனியிடம் போக வேண்டும்.

அந்த 89 டாலர் கடிதத்துக்கு வருகிறேன். பத்திரம் பதிவானதும் பெயரும் முகவரியும் பொதுப் பதிவுக்கு வந்துவிடுகின்றன. அங்கிருந்து எடுத்துத்தான் இந்தக் கடிதங்கள் கிளம்புகின்றன. கழுகு முத்திரை, கெடு தேதி, கவுண்டி பெயர் எல்லாம் இருக்கும். எங்காவது பொடி எழுத்தில் "இது அரசு நிறுவனம் அல்ல" என்றும் இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டும். இலவசப் படிவத்தை நிரப்பித் தர 89 டாலர். கிழித்துப் போடுங்கள். "பத்திர நகல் வாங்கித் தருகிறோம்" என்று இன்னொன்றும் வரும், அதையும்.

படிவத்தை அனுப்புவதற்கு முன் உங்கள் டிரைவர் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் முகவரியும் இந்த வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் முதல் வீடு வாங்கியபோது எல்லாவற்றையும் கவனமாக நிரப்பி, பழைய அபார்ட்மென்ட் முகவரி போட்ட லைசென்ஸ் நகலை இணைத்து அனுப்பினேன். திரும்பி வந்த உறை சமையலறை மேடையில் கரன்ட் பில்லுக்கு அடியில் ஐந்து மாதம் கிடந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே அப்படி. நீங்கள் இருவரும் முதலில் முகவரியை மாற்றுங்கள், புது லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே படிவத்தை அனுப்புங்கள். சில வாரம் கழித்து அதே பதிவைத் திறந்து 2025-ஐத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலி இடத்தில் ஹெச்எஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.